26 வாக்குகளும் ஒரு சமூகத்தின் கடமையும்

"என் ஒரு வாக்கினால் என்ன ஆகிவிடப் போகின்றது?" தேர்தல் நெருங்கும் போதெல்லாம் எமது இல்லங்களிலும் ஆலய மண்டபங்களிலும் தவறாது கேட்கும் வினா இது. இரண்டு இடங்களில் வேலை பார்த்துக் களைத்துவரும் தந்தை இதனைத் தமிழிற் கேட்கின்றார். பல்கலைக்கழகத்திற் பயிலும் மகளோ ஆங்கிலத்திற் கேட்கின்றாள். இவ்வினாவிற்கு உணர்ச்சி பொங்க மறுமொழி கூறுவோர் எம்மிடையே நிறையவே உள்ளனர். பொறியியல் படித்து, கணினித் துறையிற் காலம் கழிப்பவன் என்ற முறையில் எண்களைக் கொண்டும், கனடிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்றைக் கொண்டும் மறுமொழி கூறவே நான் விரும்புகின்றேன்.

ரொறன்ரோ மாநகரின் மேற்கே அமைந்துள்ளது எற்றோபிக்கோ மையம் என்னும் நாடாளுமன்றத் தொகுதி. அங்கு தமிழர் பெருந்தொகையாக வாழவில்லை. எனினும், அத்தொகுதியில் 2011 ஆம் ஆண்டு நிகழ்ந்தது கனடாவில் வாழும் ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் அறிந்திருக்க வேண்டிய செய்தி என்பது எனது உறுதியான கருத்து.

2,000 வாக்குகளுக்கு ஒன்று

2011 மே 2 ஆம் நாள் கனடிய நாடாளுமன்றத்திற்கான பொதுத்தேர்தல் நடைபெற்றது. அன்றிரவு எமது கண்கள் யாவும் கிழக்கே, ஸ்காபரோ - ரூஜ் றிவர் தொகுதியின் மீதே இருந்தன. புதிய சனநாயகக் கட்சியின் சார்பிற் போட்டியிட்ட ராதிகா சிற்சபைஈசன் அங்கு வெற்றிபெற்று, கனடிய நாடாளுமன்றத்தின் முதலாவது தமிழ் உறுப்பினரானார். நாம் மகிழ்ந்தோம். அம்மகிழ்ச்சியில், அதே இரவில் நகரின் மறுகோடியில் நடந்ததை எம்மிற் பலர் கவனிக்கவில்லை.

எற்றோபிக்கோ மையத் தொகுதியை 2004 ஆம் ஆண்டு முதல் லிபரல் கட்சியின் போரிஸ் ஷெஸ்நெவ்ஸ்கி பிரதிநிதித்துவப்படுத்தி வந்தார். அவரை எதிர்த்து நின்றவர் கன்சவேற்றிவ் கட்சியின் தெட் ஒப்பிட்ஸ், ஓய்வுபெற்ற படை அதிகாரி. வேறுபாடு மிகச் சிறியதாக இருந்தமையால் நீதிபதி ஒருவரின் முன்னிலையில் வாக்குகள் மீண்டும் எண்ணப்பட்டன. ஒப்பிட்ஸ் 21,644 வாக்குகள். ஷெஸ்நெவ்ஸ்கி 21,618 வாக்குகள். வேறுபாடு 26.

அத்தொகுதியில் அளிக்கப்பட்ட வாக்குகள் 52,794. அதாவது, ஏறத்தாழ 2,000 வாக்குகளுக்கு ஒன்று என்ற அளவிலான வேறுபாடு. இன்னொரு கணக்கையும் பாருங்கள். வென்றவருக்கு வாக்களித்தோரில் 14 பேர் தமது மனத்தை மாற்றி மற்றவருக்கு வாக்களித்திருப்பின் முடிவு தலைகீழாக மாறியிருக்கும். 14 பேர் என்பது எமது சனிக்கிழமைத் தமிழ் வகுப்பொன்றின் வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும் பெற்றோரின் தொகை. "ஒரு வாக்கினால் என்ன?" என்று கேட்டு வீட்டில் இருந்துவிட்டோர் இத்தொகுதியில் எத்தனை ஆயிரம் பேர் இருந்திருப்பர் என்பதை எண்ணிப் பாருங்கள். அத்தேர்தலில் நாடளாவிய வாக்களிப்பு வீதம் 61 ஐ அண்மித்தே இருந்தது.

ஒரே ஆவணங்கள், மூன்று எண்கள்

கதை அத்துடன் முடியவில்லை. தோல்வியுற்றவர் நீதிமன்றம் சென்றார். மோசடி நடந்தது என்பது அவரது வாதமன்று. வாக்குச்சாவடி அலுவலர்கள் சட்டம் விதித்த நடைமுறைகளைப் பின்பற்றவில்லை என்பதே முறைப்பாடு. தேர்தல் நாளன்று புதிதாகப் பதிவுசெய்து வாக்களித்தோரின் பதிவுச் சான்றிதழ்கள் சில சாவடிகளிற் காணப்படவில்லை. போதிய ஆவணம் இல்லாதவருக்காக இன்னொரு வாக்காளர் சான்றளித்து வாக்களிக்கச் செய்த இடங்களில் அதற்குரிய பதிவுகள் குறைபாடுடையனவாக இருந்தன.

2012 மே மாதம் ஒன்ராறியோ மேல் நீதிமன்ற நீதிபதி தோமஸ் லெடரர் 79 வாக்குகளைச் செல்லுபடியற்றவை எனத் தீர்த்தார். 79 என்பது 26 ஐ விடப் பெரிது. ஆகவே தேர்தல் செல்லாது என்றார். ஒப்பிட்ஸ் உச்ச நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்தார். 2012 ஒக்ரோபர் 25 ஆம் நாள் உச்ச நீதிமன்றம் நான்கிற்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அத்தீர்ப்பை மாற்றி, ஒப்பிட்ஸின் வெற்றியை உறுதிசெய்தது.

பெரும்பான்மை நீதிபதிகளின் நிலைப்பாடு இது: வாக்களிக்கும் தகுதியுடைய குடிமகன் ஒருவனின் வாக்கை அலுவலரின் எழுத்துப் பிழைக்காகத் தள்ளிவிடுதல் ஆகாது, நடைமுறைத் தவறு நடந்தது என்று காட்டினால் மட்டும் போதாது, தகுதியற்ற ஒருவர் வாக்களித்தார் என்பதும் நிறுவப்பட வேண்டும். இதன்படி 79 வாக்குகளில் 59 மீட்கப்பட்டன. எஞ்சியவை 20. அது 26 ஐ விடக் குறைவு. தலைமை நீதியரசர் பெவர்லி மக்லக்லின் உள்ளிட்ட மூவர் இதனை ஏற்கவில்லை. பதிவு, அடையாளம், சான்று ஆகிய நடைமுறைகளே ஒருவரின் தகுதியை நிறுவுகின்றன. அவை இல்லாதவிடத்து வாக்கும் செல்லாது என்றனர் அவர்கள். அவர்களது கணக்கில் 65 வாக்குகள் செல்லாதவை. அது 26 ஐ விட அதிகம்.

79, 20, 65. ஒரே சாவடிகள், ஒரே ஆவணங்கள். நாட்டின் தலைசிறந்த சட்ட வல்லுநர்கள் மூன்று வேறு எண்களை அடைந்தனர். ஒரு தொகுதியின் மக்கள் பிரதிநிதி யார் என்ற வினா, தேர்தல் நாளன்று சாவடி மேசையில் இருந்த ஓர் அலுவலர் ஒரு படிவத்தைச் சரிவர நிரப்பினாரா என்பதில் வந்து நின்றது.

தள்ளப்பட்டவை எவரது வாக்குகள்?

இத்தீர்ப்பை வெறும் சட்ட விவாதமாக நாம் கடந்து செல்லலாகாது. தேர்தல் நாளன்று பதிவுசெய்வோர் யார்? சான்றளிப்பின் துணையுடன் வாக்களிப்போர் யார்? அண்மையில் வீடு மாறியோர், வாடகைக்குக் குடியிருப்போர், விடுதியில் தங்கிப் பயிலும் மாணவர், புதிதாகக் குடியுரிமை பெற்றோர், முதியோர். எமது சமூகத்தின் பெரும்பகுதி இவ்வரிசையினுள் அடங்கிவிடுகின்றது.

எமது வீடுகளில் வாழும் அம்மம்மாவையும் அப்பப்பாவையும் எண்ணிப் பாருங்கள். மின்கட்டணப் பற்றுச்சீட்டு மகனின் பெயரில். தொலைபேசி மருமகளின் பெயரில். வாகன ஓட்டுநர் உரிமம் இல்லை. கடவுச்சீட்டு உண்டு, ஆனால் அதில் முகவரி அச்சிடப்படுவதில்லை. குடியுரிமை பெற்று இருபது ஆண்டுகள் கடந்தும், தாம் இன்ன வீட்டில் வாழ்கின்றோம் என்பதை நிறுவ அவர்களிடம் ஒரு தாள்கூட இல்லாதிருக்கலாம். அத்தகைய மூதாட்டி ஒருவர் முறைப்படி வாக்களித்த பின்னர், அலுவலர் படிவத்தைத் தொலைத்துவிட்டார் என்பதற்காக அவரது வாக்கைக் கழித்துவிடுவது எவ்வகை நீதி? பெரும்பான்மை நீதிபதிகளின் முடிவே சரியானது என்று நான் கருதுவது இதனாலேயே.

ஆயினும், மாற்றுத் தீர்ப்பிலும் ஓர் உண்மை உண்டு. கணினித் துறையில் இருப்போர் அதனை எளிதில் உணர்வர். நடந்தது எதுவென்று பதிவு வைத்திராத ஒரு கட்டமைப்பை, அது சரியாகத்தான் இயங்கியது என்று எவராலும் உறுதிப்படுத்த முடியாது. அதனை நம்ப மட்டுமே முடியும். தேர்தல் முடிவை எண்ணிக்கை காட்டி ஏற்கச் செய்ய வேண்டுமே அன்றி, நம்பிக்கையின் மேல் விட்டுவிடலாகாது. தவறு நேர்ந்த பின் அதற்கான விலையை வாக்காளர் செலுத்தக் கூடாது என்றால், தவறு நேராமற் காக்கும் பொறுப்பு அதற்கு முன்னரே நிறைவேற்றப்பட வேண்டும்.

அப்பொறுப்பு எந்த அளவிற் தவறியிருந்தது என்பதைத் தேர்தல் திணைக்களமே ஆராய்ந்தது. திணைக்களத்தின் வேண்டுகோளின்படி ஹரி நியூபெல்ட் தயாரித்து 2013 இல் வெளியான அறிக்கை, 2011 தேர்தலில் ஒரு தொகுதிக்குச் சராசரியாக 500 இற்கு மேற்பட்ட பாரிய நிர்வாகத் தவறுகள் நேர்ந்திருக்கலாம் என மதிப்பிட்டது. சான்றளிப்பு நிகழ்ந்த சந்தர்ப்பங்களில் 42 வீதமானவற்றில் பாரிய தவறுகள் காணப்பட்டன. தவறிழைத்தோர் தீயவர்கள் அல்லர். ஒருநாள் வேலைக்கு அமர்த்தப்பட்டு, சில மணிநேரப் பயிற்சியுடன், சிக்கலான விதிகளை நீண்ட பகற்பொழுது முழுவதும் நடைமுறைப்படுத்த வேண்டியிருந்த சாதாரண அயலவர்கள் அவர்கள்.

இதன் பின்னர் நடந்ததுதான் எமக்குக் கவலை தருவது. 2014 இல் நிறைவேற்றப்பட்ட தேர்தற் சட்டத் திருத்தம், அடையாளத்திற்குப் பிறர் சான்றளிக்கும் முறையையே நீக்கிவிட்டது. வாக்காளர் தகவல் அட்டையை முகவரிச் சான்றாகப் பயன்படுத்தவும் தடை விதித்தது. மேசைக்கு அப்பால் இருந்த அலுவலரின் பிழைக்கு, மேசைக்கு இப்பால் நின்ற வாக்காளர் தண்டம் கட்டினார். 2018 இல் வேறோர் அரசு கொண்டுவந்த சட்டம் இவ்விரண்டையும் மீட்டுத் தந்தது. ஒரு சட்டத்தாற் பறிக்கப்பட்டது இன்னொரு சட்டத்தால் திரும்பியது என்பதை நாம் மறத்தலாகாது. மீண்டும் பறிக்கப்படவும் கூடும்.

வாக்குரிமை தானாக வந்ததன்று

கனடாவில் வாக்குரிமை என்பது இயற்கையாகவே யாவருக்கும் இருந்ததொன்று எனப் பிறந்தது முதல் இங்கு வாழும் எமது இளையோர் எண்ணலாம். வரலாறு வேறு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1907 ஆம் ஆண்டு தெற்காசியரின் வாக்குரிமை பறிக்கப்பட்டது. 1947 இலேயே அது மீண்டது. சீனக் கனடியரும் நெடுங்காலம் அம்மாகாணத்தில் வாக்குச்சாவடிக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டிருந்தனர். யப்பானியக் கனடியருக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை 1948 இற் கிடைத்தது. இம்மண்ணின் முதற்குடிகளுக்கு, தமது பூர்வீகத் தகுநிலையைக் கைவிடாமலே வாக்களிக்கும் உரிமை 1960 இலேயே வழங்கப்பட்டது.

எமது மூத்தோருக்கு இது புதிய செய்தியன்று. இலங்கையில் 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், அதனை அடுத்து 1949 இல் வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழர் பல இலட்சம் பேரை வாக்காளர் பட்டியலிலிருந்து அகற்றின. அவர்கள் உழைத்து உருவாக்கிய தோட்டங்கள் அங்கேயே இருந்தன. அவர்களது குரல் மட்டும் நாடாளுமன்றத்திலிருந்து மறைந்தது. பட்டியலில் இருந்து பெயர் அகற்றப்படுவது என்னவென்று அறிந்த மக்கள் நாம். பட்டியலில் எமது பெயர் இருக்கும் நாட்டில் அதனைப் பயன்படுத்தாது விடுவது எவ்வகையிற் பொருந்தும்?

இனப்பெயர் போதுமா?

எம்மவரிடையே நிலவும் இன்னொரு கருத்தையும் இங்கு ஆராய வேண்டும். "தமிழர் ஒருவர் நின்றால் வாக்களிப்போம், இல்லையேல் எமக்கு என்ன?" என்பதே அது. எமது மக்களிலிருந்து உறுப்பினர்கள் தோன்றுவது பெருமைக்குரியதே. ஆயினும், நாம் வாழும் தொகுதிகளிற் பெரும்பாலானவற்றில் தமிழ் வேட்பாளர் எவரும் நிற்கப் போவதில்லை. மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்ரன், மிசிசாகா, மொன்றியல், ஓட்டாவா என எமது குடும்பங்கள் பரந்துவிட்டன.

எற்றோபிக்கோ மையத்தைப் பாருங்கள். ஷெஸ்நெவ்ஸ்கி உக்ரேனிய வழிவந்தவர். ஒப்பிட்ஸ் போலந்து வழிவந்தவர். கிழக்கு ஐரோப்பிய மக்கள் கணிசமாக வாழும் அத்தொகுதியில், பெயரை மட்டும் பார்த்து எவரும் முடிவெடுத்திருக்க இயலாது. வரி, சுகாதாரம், குடிவரவு, வெளிநாட்டுக் கொள்கை என ஒவ்வொன்றாகக் கேட்டே முடிவெடுக்க வேண்டியிருந்தது. எமக்கும் அதுவே வழி. குடும்ப ஒன்றிணைவு, அகதிக் கோரிக்கை, வெளிநாட்டுக் கல்வித் தகைமையை ஏற்றல், எமது தாயக மக்களின் நீதி ஆகியன பற்றி எந்த வேட்பாளரிடமும் வினவும் உரிமை எமக்கு உண்டு. 26 வாக்குகளால் வெல்லவோ தோற்கவோ கூடிய வேட்பாளர், அவ்வினாவிற்குச் செவிசாய்க்காது இருக்க மாட்டார். எப்படியும் இவர்கள் எமக்கே வாக்களிப்பர் என்றோ, இவர்கள் வாக்களிக்கவே வரமாட்டார்கள் என்றோ கருதப்படும் சமூகத்தை எக்கட்சியும் பொருட்படுத்தாது.

2025 மீண்டும் நினைவூட்டியது

எற்றோபிக்கோ மையம் ஒரு விதிவிலக்கு என்று கூறுவோருக்கு 2025 ஏப்ரல் 28 ஆம் நாள் நடைபெற்ற பொதுத்தேர்தல் மறுமொழி கூறியது. மீள்எண்ணிக்கையின் முடிவில், ஒன்ராறியோவின் வின்சர் - ரெகும்சே - லேக்சோர் தொகுதியில் வேறுபாடு 4 வாக்குகள். நியூபவுண்ட்லாந்தின் ரெறா நோவா - தி பெனின்சுலாஸ் தொகுதியில் 12 வாக்குகள். கியூபெக்கின் ரெறபொன் தொகுதியில், மீள்எண்ணிக்கை காட்டிய வேறுபாடு ஒரே ஒரு வாக்கு. அத்தொகுதியில் தபால்மூலம் வாக்களித்த ஒருவரின் உறை, அதில் தேர்தல் திணைக்களமே அச்சிட்டிருந்த தபாற் குறியீடு பிழையாக இருந்தமையால், அவரிடமே திரும்பி வந்தது. அந்த வாக்காளர் மீது எக்குற்றமும் இல்லை. அவ்வழக்கும் உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

அத்தேர்தலில் 343 ஆசனங்களுள் லிபரல் கட்சி பெற்றவை 169. பெரும்பான்மைக்கு வேண்டியவை 172. மூன்று ஆசனங்கள் குறைந்தமையால், பெரும்பான்மையின்றியே அரசு அமைக்க நேர்ந்தது. ஒரு நாட்டின் அரசு எவ்வாறு அமையும் என்பதைச் சில சாவடிகளின் வாக்குகள் தீர்மானிக்கக் கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

பெற்றோர்களே, இளையோரே, நாம் செய்யக்கூடியவை

முதலாவது, குடியுரிமை. நிரந்தர வதிவுரிமை மட்டும் உள்ளோர் எத்தனை ஆண்டுகள் வரி செலுத்தினாலும் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க இயலாது. ஐந்து ஆண்டுகளுள் 1,095 நாட்கள் இங்கு வாழ்ந்தோர் விண்ணப்பிக்கலாம். மொழித்தகைமையும் அறிவுத் தேர்வும் 18 முதல் 54 வயது வரையானோருக்கு மட்டுமே. 55 வயதைக் கடந்த பெற்றோர், "எனக்கு ஆங்கிலம் தெரியாதே" என்று அஞ்ச வேண்டியதில்லை.

இரண்டாவது, பதிவு. வருடாந்த வருமானவரிப் படிவத்தில் தேர்தல் திணைக்களத்திற்கு விபரங்களை வழங்க இணங்குகின்றீர்களா என்றொரு வினா உண்டு. குடியுரிமை உள்ளோர் அதற்கு "ஆம்" எனக் குறியிடுங்கள். வீடு மாறியதும் முகவரியைத் திருத்துங்கள். தேர்தல் நாளன்று பதிவுசெய்தலும் உரிமையே. எனினும், எற்றோபிக்கோ மையத்தில் நீதிமன்றம் வரை இழுபட்டவை அவ்வாறு பதியப்பட்ட வாக்குகளே என்பதை மனத்திற் கொள்ளுங்கள்.

மூன்றாவது, முதியோருக்கான ஆவணங்கள். வங்கிக் கணக்கு அறிக்கையோ, அரச ஓய்வூதியக் கடிதமோ அவர்களது பெயரிலும் முகவரியிலும் வருமாறு இப்போதே ஒழுங்கு செய்யுங்கள். எதுவும் இல்லாதவிடத்து, அதே வாக்களிப்புப் பிரிவில் வாழும் வாக்காளர் ஒருவர் சான்றளிக்கலாம். ஆயினும், ஒருவர் ஒருவருக்கு மட்டுமே சான்றளிக்க முடியும். அப்பாவும் அம்மாவும் இருவராயின், மகனும் மருமகளும் ஆளுக்கொருவராகச் சான்றளிக்க உடன் செல்ல வேண்டும்.

நான்காவது, நேரம். வாக்களிப்பு நேரத்தினுள் தொடர்ச்சியாக மூன்று மணிநேரம் ஊழியருக்குக் கிடைக்க வேண்டும் என்பது சட்டம். அதற்காகச் சம்பளத்தை வெட்ட இயலாது. பாரவூர்தி ஓட்டுவோர் போன்ற போக்குவரத்துத் தொழிலாளருக்கு இதில் விலக்கு உண்டாதலால், அவர்கள் நான்கு நாட்கள் நடைபெறும் முற்கூட்டிய வாக்களிப்பைப் பயன்படுத்துதல் நன்று.

ஐந்தாவது, இளையோருக்கானது. 14 முதல் 17 வயது வரையான குடிமக்கள் எதிர்கால வாக்காளர் பதிவேட்டில் தமது பெயரைச் சேர்க்கலாம். 16 வயதிலேயே வாக்குச்சாவடி அலுவலராக ஊதியத்துடன் பணியாற்றலாம். இதனையே நான் மிகவும் வலியுறுத்த விரும்புகின்றேன். எமது பிள்ளைகள் கணிதத்திலும் கணினியிலும் வல்லவர்கள். படிவத்தைப் பிழையின்றி நிரப்பத் தெரிந்தவர்கள். இரு மொழி பேசக்கூடியவர்கள். தயங்கி நிற்கும் முதியவர் ஒருவருக்குத் தமிழில் நடைமுறையை விளக்கி, அவரது பதிவுச் சான்றிதழைச் சரிவர நிரப்பி, உரிய உறையில் இட்டு மூடும் ஓர் இளைஞன் அன்று காப்பது அவரது வாக்கை மட்டுமன்று. ஒரு தொகுதியின் முடிவையே அவன் காத்தவனாகலாம். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எழுதுவதற்கும் இதனினும் சிறந்த தொண்டு அரிது.

எற்றோபிக்கோ மையத்தில் நீதிமன்றப் படியேறியவர், 2015 தேர்தலில் அதே தொகுதியில் மீண்டும் நின்று வெற்றிபெற்றார். அவரை மீட்டது அத்தொகுதி மக்களின் வாக்கு. நீதிமன்றம் தராததை மக்கள் தந்தனர்.

அடுத்த தேர்தல் எப்போது வரினும், எமது வீட்டில் 18 வயதைக் கடந்த குடிமக்கள் எத்தனை பேர், அவர்களுள் எத்தனை பேரின் பெயரும் முகவரியும் சரியாகப் பதியப்பட்டுள்ளன என்பதை இவ்வாரமே அமர்ந்து எண்ணிப் பாருங்கள். அந்த எண்கள் இரண்டும் ஒன்றாகும் வரை எமது பணி முடியவில்லை.